ஒரு மொழியின் நிரலை இன்னொரு மொழி கூப்பிடும்போது

பைத்தானில் நூறு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க ஒரே ஒரு வரி போதும். நம்பை என்ற பைத்தான் கணிதத் தொகுப்பிடம் அணியைக் கொடுத்து 'சால்வ்' என்றால் விடை வந்துவிடும். அந்த வரி பைத்தான்தான். ஆனால் கணக்கைப் போடுவது பைத்தான் இல்லை. அந்த வரிக்குக் கீழே சி மொழியில் ஓர் அடுக்கு. அதற்கும் கீழே டிஜிஇஎஸ்வி என்று ஒரு பழைய பெயர். முதல் எழுத்து இரட்டைத் துல்லிய எண்களைக் குறிக்கிறது, அடுத்த இரண்டும் 'பொதுவான அணி', கடைசி இரண்டும் 'தீர்'. அது எழுதப்பட்ட ஃபார்ட்ரான் 77 என்ற பழைய மொழியில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை, அதனால்தான் இந்தச் சுருக்கம். 1992-இல் வெளிவந்த லாபேக் தொகுப்பில் இருக்கும் பெயர் அது. அதற்கும் அடியில், எண்களைப் பெருக்கிக் கூட்டும் இடத்தில், பெரும்பாலும் அந்தந்தப் பிராசசருக்கென்றே எழுதிய அசெம்பிளி, அதாவது பிராசசரின் கட்டளைகளையே எழுத்தில் தரும் மொழி, இருக்கும்.

ஒரு வரி ஓடுவதற்கு நான்கு மொழி. இது விதிவிலக்கு இல்லை, இன்று ஓடும் பெரிய நிரல்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். ஒரு மொழியில் இருந்து இன்னொரு மொழியின் ஃபங்ஷனை, அதாவது பெயரிட்ட ஒரு நிரல் துண்டை, கூப்பிடுவது எப்படிச் சாத்தியமாகிறது, அது ஏன் இவ்வளவு அடிக்கடி உடைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். என் அனுபவத்தில் கூப்பிடுவது சின்ன வேலை. இரு பக்கமும் எதையெல்லாம் சொல்லாமலேயே எடுத்துக்கொள்கின்றன என்பதில்தான் பாடு.

முதலில் எளிதான பகுதி. பிராசசருக்கு மொழி எதுவும் தெரியாது. அதன் கணக்கில் ஃபங்ஷன் என்பது மெமரியில் ஒரு முகவரி. அங்கே தாவ வேண்டும், முடிந்ததும் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கொடுக்கும் மதிப்புகளை எங்கே வைப்பது, விடையை எங்கே போய் எடுப்பது, எந்த ரெஜிஸ்டர்களை, அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களை, கலைக்கக் கூடாது என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் லினக்ஸும் மேக்கும் முதல் ஆறு முழு எண்களை ஆறு ரெஜிஸ்டர்களில் வரிசையாக வைக்கச் சொல்கின்றன. முதலாவது ஆர்டிஐ, அடுத்தது ஆர்எஸ்ஐ. அதே சிப்பில் விண்டோஸ் ஓடினால் நான்குதான், அதுவும் ஆர்சிஎக்ஸில் தொடங்கும். கூடவே கூப்பிடுகிறவர் ஸ்டாக் எனும், அழைப்புகளுக்கான தற்காலிக மெமரியில் 32 பைட் காலியாக விட்டுத் தர வேண்டும். ஒரே சிப், இரண்டு மரபு. இப்படிப்பட்ட விதிகளின் தொகுப்பைத்தான் ஏபிஐ என்கிறார்கள். நிரல் எழுதுகிறவர்கள் தினமும் பேசும் இன்னொரு ஏபிஐயும் இருக்கிறது, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் இங்கே இதைப் பைனரி உடன்பாடு என்றே சொல்கிறேன்.

இந்த உடன்பாடு ஏன் எப்போதும் சி மொழியைச் சுற்றியே இருக்கிறது? தனித்தனியாகக் கம்பைல் செய்த, அதாவது பிராசசரின் நிரலாக மாற்றிய, துண்டுகளை ஒட்டும் வழக்கம் சி-க்கு முந்தியது. 1958-இல் வந்த ஃபார்ட்ரான் இரண்டாம் பதிப்பிலேயே துணை நிரல்களைத் தனியாகக் கம்பைல் செய்து, அசெம்பிளியில் எழுதியதோடு சேர்த்து ஓட்ட முடிந்தது. ஆனால் 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி-யை உருவாக்கி, 1973-இல் யூனிக்ஸின் மையப் பகுதியை அதில் திருப்பி எழுதிய பிறகு நிலைமை மாறியது. ஆபரேட்டிங் சிஸ்டம் தன் சேவைகளை சி ஃபங்ஷன்களாகவே வெளியே நீட்டியது. ஒரு கோப்பைத் திறக்க நினைக்கும் எந்தப் புது மொழியும் சி பேசும் விதத்தைக் கற்றே ஆக வேண்டும். கற்ற பிறகு, அதே மரபை வைத்து மற்ற மொழிகளோடும் பேசலாமே! இன்று ரஸ்ட்டும் ஸ்விஃப்ட்டும் பேசிக்கொள்வதென்றால், இரண்டும் சி வேடம் போட்டுக்கொண்டுதான் பேசுகின்றன. நடுவில் சி-யில் எழுதிய ஒரு வரிகூட இருக்காது.

சி-யின் மெலிவும் இதற்கு ஒரு காரணம். அதில் பயன்படாத மெமரியைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இல்லை, தவறை மேலே வீசும் எக்ஸெப்ஷன் இல்லை, மறைவாக ஒட்டிக்கொண்டு வரும் ஆப்ஜெக்ட் இல்லை. பெயர்கூட அப்படியே இருக்கும். லினக்ஸில் 'ஆட்' என்று ஒரு சி ஃபங்ஷன் எழுதினால் கம்பைல் ஆன கோப்பான பைனரியின் பெயர்ப் பட்டியலிலும் 'ஆட்' என்றே பதிவாகும். சி++-இல் அப்படி இல்லை. அங்கே ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம் என்பதால், வேறுபடுத்திக் காட்ட கம்பைலர் பெயரைத் திரிக்கிறது. இரண்டு முழு எண்களை வாங்கும் ஆட், லினக்ஸில் 'அண்டர்ஸ்கோர், இசட், 3, ஆட், ஐ, ஐ' என்று ஆகிவிடும். 3 என்பது பெயரின் நீளம், இரண்டு ஐ-யும் இரண்டு முழு எண்கள். வெளியாள் ஆட் என்று தேடினால் கிடைக்காது. அதனால்தான் சி++ நூலகங்கள் வெளியே காட்டும் ஃபங்ஷன்களுக்கு முன்னால் 'எக்ஸ்டர்ன் சி' என்று எழுதிவைக்கின்றன. ஃபார்ட்ரானுக்கு வேறு பழக்கம். பெரும்பாலான கம்பைலர்கள் பெயருக்குப் பின்னால் ஓர் அண்டர்ஸ்கோர் ஒட்டும். ஓர் எண்ணைக் கொடுப்பதானாலும் எண்ணைக் கொடுக்கக் கூடாது, அது இருக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆட் என்ற சி பெயரில் ஐ, ஐ எதுவும் இல்லை. அதாவது பைனரியில் ஃபங்ஷனின் பெயர் இருக்கிறது, அது என்ன வாங்கும், என்ன தரும் என்பது இல்லை. அந்தத் தகவல் ஹெடர் கோப்பில்தான் இருக்கிறது. சி கம்பைலர் அதைப் படிக்கும். பைத்தான் படிக்காது. நாம்தான் படித்து, அதையே இன்னொரு முறை பைத்தானில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறாக எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

இதில் நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சி லைப்ரரியை சி-டைப்ஸ் என்ற பைத்தான் மாட்யூல் வழியாகப் பைத்தானில் இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சி-டைப்ஸ் 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. எத்தனை மதிப்பு, என்ன வகை என்பதெல்லாம் ஓடும்போதுதான் தெரியும் என்பதால், அந்த நேரத்தில் அவற்றை ரெஜிஸ்டர்களில் எடுத்துவைக்க 1996-இல் ஆண்டனி கிரீன் தொடங்கிய லிப்எஃப்எஃப்ஐ என்ற லைப்ரரி அதற்குள் வேலை செய்கிறது. என் லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன் கோப்பை வாசித்து, வாசித்ததை வைத்திருக்கும் மெமரியின் முகவரியைத் திருப்பித் தரும். அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும். சோதனைக் கோப்புகள் எல்லாம் அழகாக ஓடின. உண்மையான கோப்பைக் கொடுத்ததும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று செத்துவிழுந்தது. சின்னக் கோப்பா, ஓடும். பெரியதா, விழும். கோப்பில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் அதையே வெட்டி வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு கோப்பில் இல்லை. ஒரு ஃபங்ஷன் என்ன தரும் என்று நாம் சொல்லாவிட்டால், அது சாதாரண முழு எண், அதாவது 32 பிட், என்று சி-டைப்ஸ் எடுத்துக்கொள்ளும். முகவரியோ 64 பிட். மேல்பாதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுப் போகிறது. சரி, சின்னக் கோப்பில் மட்டும் எப்படி ஓடியது? அந்தக் கணினியில் இருந்த பைத்தான் தாழ்ந்த முகவரிகளில் ஏற்றப்படும் விதத்தில் கம்பைல் ஆகியிருந்தது. சிறிய அளவு மெமரி கேட்டால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதன் பக்கத்திலேயே எடுத்துக் கொடுக்கும். அந்த முகவரிகள் 32 பிட்டுக்குள் அடங்கிவிடும், மேல்பாதி வெறும் பூஜ்யம், வெட்டினாலும் நஷ்டமில்லை. ஏறத்தாழ 128 கிலோபைட்டைத் தாண்டிக் கேட்டால் அது கெர்னலிடம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்திடம், தனியாக இடம் வாங்கித் தரும், அந்த இடம் எங்கோ உயரத்தில் இருக்கும். அங்கே மேல்பாதி இல்லாமல் போனால் முகவரியே போச்சு. திரும்பி வருவது பாயிண்டர், அதாவது முகவரி, என்று ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் சரியானது. அந்த ஒரு வரி இல்லாதபோது பைத்தானும் புகார் சொல்லவில்லை, சி-யும் சொல்லவில்லை, துண்டுகளை ஒட்டும் லிங்கரும் சொல்லவில்லை. அன்று முதல், ஒரு லைப்ரரியைத் தொட்டால் முதல் வேலையாக எல்லா ஃபங்ஷனுக்கும் வாங்குவது, தருவது இரண்டையும் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

அளவுகளில் இன்னும் இப்படிப்பட்ட பள்ளங்கள் உண்டு. சி-யின் 'லாங்' 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்டில் ஓர் எழுத்தும் அதை அடுத்து ஒரு முழு எண்ணும் வைத்தால், 1 கூட்டல் 4 என்று 5 பைட் வரும் என்று தோன்றும். வருவது 8. எண் நான்கின் மடங்கான முகவரியில் நிற்க வேண்டும் என்பதால் நடுவில் 3 பைட் சும்மா கிடக்கும். ரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், இடத்தை மிச்சப்படுத்தப் புலங்களின் வரிசையையே மாற்றிக்கொள்ளும் உரிமையை வைத்திருக்கிறது. சி-யோடு பகிரும் ஸ்ட்ரக்டாக இருந்தால் சி முறையில் அடுக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். அணிகளிலும் இதே கதைதான். சி வரிசை வரிசையாக அடுக்கும், ஃபார்ட்ரான் பத்தி பத்தியாக அடுக்கும். முதலில் சொன்ன நம்பை வரி, லாபேக்கிடம் போகும் முன் அணியைப் பத்தி முறையில் ஒரு நகல் எடுத்துத்தான் கொடுக்கிறது.

ஸ்ட்ரிங்குகள், அதாவது எழுத்துத் தொடர்கள், இதைவிடச் சங்கடம். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. குறியீடுகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். இதன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் சி 15 என்கிறது, ரஸ்ட்டும் 15. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தானும் 5 என்கின்றன. ஸ்விஃப்ட் 3 என்கிறது, நாம் பள்ளியில் எண்ணியதும் அதுதான். மூன்று விடையும் தத்தம் அளவுகோலில் சரி. ஆனால் ஜாவா பக்கம் 5 என்று அளந்து, சி பக்கம் 5 பைட் ஒதுக்கினால், இரண்டாவது எழுத்தின் நடுவிலேயே அறுந்துவிடும். ஆங்கில எழுத்துகளோடு மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே எல்லா மொழியும் ஒரே எண்ணைச் சொல்லும். மொழி எல்லையைத் தாண்டும் ஸ்ட்ரிங்கைத் தமிழில் கொடுத்துச் சோதியுங்கள் என்று நான் சொல்வது மொழிப்பற்றினால் மட்டும் இல்லை. உயிர்மெய் எழுத்துகள் இந்தப் பிழைகளை உடனே வெளியே கொண்டுவந்துவிடும்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் கேள்வி: இந்த மெமரி யாருடையது? சி ஃபங்ஷன் ஒரு முகவரியைத் திருப்பித் தந்தால், வேலை முடிந்ததும் அதை விடுவிக்க வேண்டியது யார்? நாம் விடுவிக்காவிட்டால் மெமரி கசிந்துகொண்டே போகும். இருவரும் விடுவித்தால் நிரல் கெட்டுவிடும். விண்டோஸில் இன்னொரு தொல்லை, இரண்டு லைப்ரரிகளுக்கும் தனித்தனி சி ரன்டைம் இருந்தால் ஒன்று ஒதுக்கியதை மற்றொன்று விடுவிக்கக் கூடாது. அதற்குத்தான் நன்றாக எழுதிய லைப்ரரிகள் 'உருவாக்கு' என்று ஒன்று கொடுத்தால் கூடவே 'அழி' என்றும் ஒன்று கொடுத்துவிடும்.

இதை மிக நேர்மையாகச் செய்திருப்பது எஸ்கியூலைட் என்பது என் கருத்து. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட இந்தத் தரவுத்தளம் சி-யில் எழுதப்பட்டது, மற்ற மொழிகள் எல்லாமே அதை அழைக்கின்றன. ஒரு வினவலில் ஸ்ட்ரிங்கைப் பொருத்தும் அதன் ஃபங்ஷனுக்கு ஐந்து மதிப்புகள் கொடுக்க வேண்டும். வினவல், இடம், ஸ்ட்ரிங்கின் முகவரி, நீளம் ஆகிய நான்கும் எதிர்பார்த்தவைதான். ஐந்தாவதுதான் விசேஷம். அதில் மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். 'இது இங்கேயே மாறாமல் இருக்கும், நகல் வேண்டாம்' என்பது ஒன்று. 'நான் எந்த நேரமும் இதை அழித்துவிடுவேன், இப்போதே நகல் எடுத்துக்கொள்' என்பது இரண்டு. 'வேலை முடிந்ததும் இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு நீயே அழித்துவிடு' என்பது மூன்று. உரிமை பற்றிய கேள்வியை எங்கோ ஆவணத்தின் மூலையில் விடாமல், கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நம்மிடமே கேட்டுவிடுகிறார்கள். பைத்தானின் எஸ்கியூலைட் மாட்யூல் இரண்டாவதைத்தான் சொல்கிறது. தன் ஸ்ட்ரிங் எப்போது மறையும் என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே அதுதான் சரி.

கார்பேஜ் கலெக்டர் உள்ள மொழிகளில் இது இன்னும் நுட்பமாகிறது. கலெக்டர் தன் பக்கத்தில் யார் யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று மட்டுமே பார்க்கும். சி பக்கம் ஒரு முகவரியை வைத்திருப்பது அதன் கண்ணுக்குப் படாது. ஜாவா போன்றவற்றில் கலெக்டர் பொருட்களை இடம் மாற்றியும் வைக்கும், சி-யிடம் இருப்பது பழைய முகவரியாகிவிடும். கால்பேக்கில் இந்தச் சிக்கல் தலைகீழாக வரும். ஒரு பைத்தான் ஃபங்ஷனை சி லைப்ரரியிடம் கொடுத்து, 'ஏதாவது நடந்தால் இதைக் கூப்பிடு' என்கிறோம். கொடுத்த வரி முடிந்ததும் பைத்தான் பக்கத்தில் அதைப் பிடித்திருப்பவர் யாரும் இல்லை. அதைச் சுற்றியிருந்த உறை அழிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து சி அங்கே தாவும், அங்கே ஒன்றும் இருக்காது. அந்த உறையை ஒரு மாறியில் போட்டு உயிரோடு வைத்திருங்கள் என்று சி-டைப்ஸின் ஆவணமே எச்சரிக்கிறது.

தவறு நேர்ந்தால் எப்படிச் சொல்வது என்பதிலும் மொழிகள் ஒத்துப்போவதில்லை. சி ஓர் எண்ணைத் திருப்பும். பைத்தானும் ஜாவாவும் எக்ஸெப்ஷனை வீசும், அது மேலே பிடிக்கிறவர் வரை ஒவ்வொரு அழைப்பாகக் கலைத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு சி ஃபங்ஷன் இருந்தால் அதைப் பாதுகாப்பாகக் கலைக்க வழியில்லை. சி-யில் எழுதிய லுவா என்ற மொழி, தவறு நேர்ந்ததும் நீண்ட தாவல் ஒன்றைப் போடும். இடையில் இருக்கும் உங்கள் சி ஃபங்ஷனின் மீதி வரிகள் ஓடவே ஓடாது, அங்கே விடுவிக்க வைத்திருந்த மெமரி அப்படியே நின்றுவிடும். ரஸ்ட்டில் ஒரு பேனிக், அதாவது மீள முடியாத தவறு, சி எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது நெடுநாள் வரையறை இல்லாமல் கிடந்தது. 2024-இல் வந்த 1.81 பதிப்பு முதல் அது தாண்டாமல், நிரல் அங்கேயே நிறுத்தப்படுகிறது. கடுமைதான், ஆனாலும் கெட்டுப்போன நிலையில் ஓடிக்கொண்டிருப்பதைவிட இது நல்லது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லை தாண்டுவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு சுங்கம் உண்டு. கோ மொழியில் ஒரு கோரொட்டீன், அதாவது தனியாக ஓடும் ஓர் இலகுவான வேலை, 2 கிலோபைட் ஸ்டாக்கோடு தொடங்குகிறது. சி-க்கு அது போதாது. அதனால் ஒவ்வொரு அழைப்புக்கும் பெரிய ஸ்டாக்குக்கு மாறி, ஷெட்யூலருக்குத் தகவல் சொல்லி, திரும்பி வர வேண்டும். பைத்தானிலோ ஒவ்வொரு மதிப்பையும் பிரித்து சி வடிவுக்கு மாற்ற வேண்டும். ஒரு லட்சம் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பினால் சுங்கமே மொத்த நேரத்தையும் தின்றுவிடும், சி-க்குப் போனதால் வந்த லாபம் காணாமல் போகும். ஒரு லட்சத்தையும் ஒரே அழைப்பில் அனுப்ப வேண்டும். நம்பை வேகமாக இருப்பதன் பாதி ரகசியம் இதுதான்.

சி வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோட்லினும் ஸ்காலாவும் ஜாவாவும் ஒரே மெய்நிகர் இயந்திரத்தில், ஒரே கார்பேஜ் கலெக்டரோடு ஓடுவதால், மேலே சொன்ன தலைவலிகளில் முக்கால்வாசி அவற்றுக்குள் இல்லை. அந்த இயந்திரத்தை விட்டு வெளியே போகும்போதுதான் தொல்லை. 1997 முதல் ஜேஎன்ஐ என்ற வழி இருந்தது, அதற்கு நடுவில் சி-யில் ஒட்டு நிரல் எழுத வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் வந்த ஜாவா 22-இல் நிலைபெற்ற புது முறையில் அந்த ஒட்டு வேலையை ஜாவாவிலேயே முடித்துக்கொள்ளலாம். வெளி மெமரிக்கு எல்லையும் ஆயுளும் சொல்லிவைக்கவும் அதில் இடமுண்டு. இரண்டு மொழிகளையும் தனித்தனிப் பிராசஸாக ஓட்டிச் செய்தி அனுப்பிக்கொள்வது இன்னொரு வழி. அது மெதுவானது, ஆனால் ஒன்று விழுந்தால் மற்றொன்று விழாது. நிமிடத்துக்குச் சில அழைப்புகள்தான் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை ஃபயர்ஃபாக்ஸ் காட்டியிருக்கிறது. அது சார்ந்திருக்கும் பழைய லைப்ரரிகளில் ஒரு பிழை இருந்தாலும் பிரவுசரின் மெமரி முழுவதும் திறந்து கிடக்கும். 2021 டிசம்பரில் வந்த 95-ஆம் பதிப்பில் எழுத்துருவுக்கான கிராஃபைட், எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல், ஒலிக் கோப்புகளுக்கான ஆக் ஆகிய லைப்ரரிகளை முதலில் பிரவுசர்களுக்கான இடைநிலை நிரல் வடிவமான வெப்அசெம்பிளியாகக் கம்பைல் செய்து, அதிலிருந்து மறுபடியும் பிராசசரின் நிரலாக மாற்றி ஓட்டினார்கள். அதே பிராசஸுக்குள்தான் ஓடுகின்றன, ஆனால் தமக்கென்று ஒதுக்கிய மெமரிக்கு வெளியே அவற்றால் கைநீட்ட முடியாது. அங்கிருந்து திரும்பி வரும் ஒவ்வொரு மதிப்பும் 'கறைபட்டது' என்ற முத்திரையோடுதான் வரும். அது எண்ணாக இருந்தால் வரம்புக்குள் இருக்கிறதா, முகவரியாக இருந்தால் அந்த ஒதுக்கிய இடத்துக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்து முத்திரையை நீக்காமல் பயன்படுத்தினால், அந்த வரியை சி++ கம்பைலர் ஏற்றுக்கொள்வதில்லை.